மலைப்பாறை மூத்தது, கடல்தரை இளையது

கீழ்பென்னாத்தூரைச் சுற்றி, திருவண்ணாமலை முதல் செஞ்சி வரை நீங்கள் காணும் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். கிழக்கே வங்கக் கடலின் ஆழத்தில் கிடக்கும் எரிமலைப் பாறைத்தரையோ 13 கோடி ஆண்டுகளுக்குள் பிறந்தது.

ஏன் இந்த வேறுபாடு?

விடை இந்தியப் பெருங்கடலில் கிடைத்தது. 1962இல் பிரிட்டனின் 'ஓவன்' என்ற கப்பல் அங்குள்ள கார்ல்ஸ்பெர்க் கடலடி மலைத்தொடரின் மேல் சென்று காந்தப்புலத்தை அளந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் டிரம்மண்ட் மாத்யூஸும் அவருடைய மாணவர் ஃபிரெட் வைனும் 1963இல் அந்த அளவுகளை விளக்கினர்.

மலைத்தொடரின் நடுப்பிளவில் பாறைக்குழம்பு மேலெழுந்து இறுகுகிறது. இறுகும் நேரத்துப் பூமியின் காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. பூமியின் காந்தத் துருவங்கள் பலமுறை இடம் மாறியதால், அந்தப் பதிவு இருபுறமும் வரிவரியாகத் தெரிகிறது. கடல்தரை நடுவில் பிறந்து இருபக்கமும் விலகுகிறது என்பதற்கு அதுவே சான்று. பழைய கடல்தரை ஆழ்கடல் அகழிகளில் பூமிக்குள் அமிழ்ந்துவிடும். எடை குறைந்த நிலப்பாறை அமிழாமல் நிலைக்கிறது.

நிலமும் நகர்கிறது

ஒருகாலத்தில் நம் கிழக்குக் கரை அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வடக்கே நகர்ந்த இந்தியத் தட்டு (இந்தியாவைத் தாங்கும் பாறைப் பாளம்), ஆசியாவோடு மோதி இமயமலையை எழுப்பியது. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நகர்கிறது.

இந்தப் பாறையைத் தொட்டுப் பாருங்கள். அண்டார்டிகாவின் அருகிலிருந்து இவ்வளவு தூரம் வந்த கல் இது. இதில் கிறுக்காமல், இதை உடைக்காமல் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லுங்கள்.