கண்ணால் கண்டதும் தவறாகலாம்

"என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் நாம் விசாரிப்பதில்லை. வீட்டில் நகை காணாமல் போனாலும், தெருவில் தகராறு நடந்தாலும் அந்த ஒரு சொல்லே தீர்ப்பாகிவிடுகிறது. ஆனால், பொய்யே பேசாதவரும் பார்த்ததைத் தவறாகச் சொல்லக்கூடும். எப்படி?

கண்ணைக் கேமராவாகவும் மூளையை மெமரி கார்டாகவும் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மை அதுவல்ல. கையை நீட்டிப் பார்த்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு தெரிகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தை மட்டுமே கண் ஒரு நேரத்தில் மிகத் தெளிவாகக் காண்கிறது. சுற்றியுள்ளவை மங்கல்தான். விழித்திரையிலிருந்து செல்லும் தகவல் மூளையின் பின்பகுதியை அடைகிறது. நிறம், வடிவம், அசைவு ஆகியவை அங்கே தனித்தனியாக ஆராயப்படுகின்றன. விடுபட்டதை முன்பு பழகிய அனுபவத்தைக் கொண்டு மூளை நிரப்புகிறது. ஆக, பார்க்கும்போதே நினைவும் அதில் கலந்துவிடுகிறது.

பிறகு அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கும்போது, 'ஹிப்போகேம்பஸ்' என்னும் பகுதியின் உதவியால் சிதறிய துண்டுகள் மீண்டும் இணைக்கப்படுகின்றன. இடையில் நம் காதில் விழுந்ததும் அதில் சேர்ந்துவிடலாம்.

1974இல் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பாமர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். 50 பேரிடம், "கார்கள் மோதி நொறுங்கியபோது வேகம் என்ன?" என்றும், வேறு 50 பேரிடம், "இடித்துக்கொண்டபோது வேகம் என்ன?" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது, முதல் பிரிவில் 16 பேரும், இரண்டாம் பிரிவில் 7 பேரும் "ஆம்" என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! கேள்வியில் இருந்த ஒரு சொல் நினைவையே மாற்றிவிட்டது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. பிள்ளையிடம், "வேலைக்கு வந்த அக்காதானே எடுத்தாங்க?" என்று கேட்காமல், "நீ என்ன பார்த்தே?" என்று மட்டும் கேட்போம். பார்த்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாக விசாரிப்போம். ஜமாஅத்தில் பஞ்சாயத்து பேசும் பெரியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அழுத்தமாகச் சொல்வதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது.

சாட்சியம் ஓர் அமானிதம். உறுதியாகத் தெரியாததை, "சரியாகத் தெரியவில்லை" என்று சொல்வதும் அந்த அமானிதத்தைக் காப்பதுதான். ஒரு நிரபராதியின் மானம் அதில் தப்பலாம்.