மருந்து அடித்ததால்தான் பயிர் தேறியதா?

செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே, கூட்டுறவு சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர் படாளம். சுற்றிலும் கரும்பும் நெல்லும்தான். நெல் நட்ட 20, 25 நாளில் இலைச்சுருட்டுப் புழு தென்பட்டால் போதும், மருந்துக்கடைக்கு ஓடுவது வழக்கம். அடித்த பத்தே நாளில் பயிர் பச்சை கட்டிவிடும். ‘மருந்து கேட்டுச்சு’ என்பார்கள்.

மருந்து கேட்டதா, பயிர் தானாகவே தேறியதா? அடிக்காத வயல் பக்கத்திலேயே இருந்தால்தானே தெரியும்! ஒன்றை அடுத்து இன்னொன்று நடப்பதாலேயே, முதலாவது காரணம் ஆகிவிடாது.

வியட்நாமில் நடந்தது

1994-ல் வியட்நாமின் லாங் ஆன் மாகாண விவசாயிகளிடம், ‘நேரடி விதைப்பில் முதல் 40 நாளைக்கு இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து வேண்டாம். சந்தேகமா? வயலில் ஒரு பகுதியை மட்டும் அடிக்காமல் விட்டு, அறுவடையில் ஒப்பிட்டுப் பாருங்கள்’ என்றார்கள் நெல் ஆராய்ச்சியாளர்கள். ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; விளைச்சல் குறையவில்லை. இளம்பயிர் புது இலை விட்டு இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. மருந்தடிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நடவு வயலுக்கு இந்தக் கணக்கு, நட்ட முதல் 30 நாள்.

புகையான் காட்டிய துப்பு

‘மருந்து அதிகம் அடித்த வயலில்தான் புகையானும் அதிகம்.’ இப்படிக் கண்ணில் படுவது நல்ல துப்பு. ஆனால் முடிவு அல்ல. புகையான் வந்ததால் அதிகம் அடித்தார்களோ, என்னவோ! அடித்த பாத்தி, அடிக்காத பாத்தி என்று பிரித்துச் சோதித்த பிறகுதான் விஷயம் தெளிவானது. சில மருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சிகளை அழித்துவிட, புகையான் பெருகியது. 1986-ல் இந்தோனேசியா, நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது.

நம் வயலில் எப்படி?

* ஒரே நிலத்தில், அருகருகே 5 சென்ட் அளவில் இரண்டு துண்டுகள் போதும்.
* எதில் அடிப்பது என்பதைக் காசு சுண்டித் தீர்மானியுங்கள். நல்ல மண் உள்ள பக்கத்தை நாமே தேர்ந்தெடுத்தால் கணக்கு தப்பும்.
* ரகம், உரம், தண்ணீர் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். காற்றில் மருந்து அடுத்த துண்டுக்குப் போகக் கூடாது.
* நெல்லைத் தனித்தனியே எடை போட்டு, செலவோடு எழுதி வையுங்கள்.

ஒரு போகத்து முடிவை வேதவாக்காக எடுக்க வேண்டாம். நாலைந்து பேர், இரண்டு மூன்று போகம் செய்து பார்த்து ஒரே முடிவு வந்தால் நம்பலாம்.

சோதனை என்பதற்காகப் பயிரைப் பலிகொடுக்கவும் கூடாது. தூர் கட்டும் பருவத்தில் 10 சதவிகித இலைகளோ, பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவிகிதமோ சேதமானால் மருந்து தேவைதான். அதுவரை கைத்தெளிப்பான் மூலையில் இருக்கட்டும். காசு மடியில் இருக்கட்டும்.