சோளச்சோறும் டாக்டர் கோபாலனும்

மேலநீலிதநல்லூர் வட்டாரக் கரிசலில் இன்று சோளம் என்றாலே பலருக்கும் நினைவு வருவது கோழித்தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம்தான். தாத்தா காலத்துச் சோளமோ ‘சிறுதானியம்’ என்ற பட்டத்தோடு பாக்கெட்டில் அடைபட்டு, ரேஷன் அரிசி வாங்குகிறவர் எட்ட முடியாத விலையில் விற்கிறது. அந்தச் சோளத்தை மட்டுமே தின்று வாழ்ந்தவர்களுக்கு ஒரு நோய் வந்தது என்றால், சிறுதானியப் பிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் வந்தது.

பெலாக்ரா என்று அதற்குப் பெயர். வெயில் படும் கழுத்து, கைகளில் தோல் கருத்து உரியும், வயிற்றுப்போக்கு பிடிக்கும், முற்றினால் புத்தி தடுமாறும். காரணம் நயாசின் என்ற வைட்டமின் குறைவு. மக்காச்சோளம் தின்றவர்களுக்கு அது வந்ததில் புதிர் இல்லை: அதிலுள்ள நயாசினை உடலால் எளிதில் பிரித்தெடுக்க முடியாது. நம் சோளத்தில் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லையே! அப்படியும் சோளமே தின்ற தக்காணத்து ஏழைகளை நோய் ஏன் பிடித்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் சேலத்தில் 1918-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சி. கோபாலன். அவர் வேலை பார்த்த, குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனது. பின்னாளில் அவரே அதன் இயக்குநர். புரதத்தின் கூறான டிரிப்டோபேனிலிருந்தும் உடல் நயாசின் தயாரித்துக்கொள்ளும். சுமார் 60 மில்லிகிராமுக்கு 1 மில்லிகிராம். சோளத்தில் லியூசின் என்ற இன்னொரு கூறு மிகுதி. அது இந்தத் தயாரிப்பைக் கெடுக்கிறது என்று கோபாலனும் சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பிற ஆய்வகங்கள் எல்லாமே இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால், வைட்டமின் போதாமையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த மருத்துவத்துக்கு, சத்துகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வும் நோய் தரலாம் என்ற எண்ணத்தை அது முன்வைத்தது. பருப்பும் பாலும் சேர்ந்த சாப்பாட்டில் சோளத்துக்கு இந்தப் பழி இல்லை.

அவருடைய பெரிய சண்டை வேறு. குழந்தைகளின் மெலிவுக்குப் புரதக் குறைவே காரணம் என்று உலக நிறுவனங்கள் புரத மாவுகளின் பின்னால் ஓடிய காலம் அது. வீக்கம் கண்ட குழந்தையும் வற்றிப்போன குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சாப்பாட்டில்தான் வளர்ந்தார்கள் என்று கோபாலன் கண்டார். குறைபட்டது புரதம் அல்ல, வயிற்றுக்குப் போதுமான சோறுதான். வீட்டில் பொங்குவதையே வயிறு நிறையக் கொடுத்தால் தேவையான புரதத்தில் பெரும்பங்கு அதிலேயே வந்துவிடும் என்றார். டப்பா மாவு விளம்பரங்களுக்கு இன்றும் பிடிக்காத கணக்கு இது.

கண் பார்வை போகாமலிருக்க 6 மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டமும் அவருடைய ஆய்வகத்தில் முளைத்ததே. 1970-இல் அது நாடு தழுவியது. கீரையும் பழமும் வீடுகளுக்கு வந்து சேரும்வரைக்கான இடைக்கால ஏற்பாடாகவே அதை அவர் கருதினார். ஆண்டுகள் கழிந்தும் சொட்டு மருந்து நிற்காதபோது, எல்லாக் குழந்தைக்கும் இது எதற்கு என்று எதிர்த்து எழுதியவரும் அவரே. 2019 அக்டோபரில், 101 வயது நிறைய இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில் இறந்தார்.