நாகைக் கோபுரம் கணிப்பொறியில் எழுமா?

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் நம் கள்ளிக்காடு, பாறசாலை வட்டாரத்தில் அநேகமாக இராது. அதன் மரத்தூண்களை இன்றும் நேரில் காணலாம். அந்தப் பாக்கியம் நாகப்பட்டினத்துக்கு வாய்க்கவில்லை.

கடாரத்து மன்னன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் நாகையில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தவன், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசன்! இதைச் சொல்லும் 21 செப்பேடுகள் ஹாலந்துக்குப் போய், 'லைடன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்றன.

நாகையில் மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. விகாரத்தின் எச்சம் என்பார் சிலர். சீனர் கட்டியது என்பாரும் உண்டு. 1846இல் சர் வால்டர் எலியட் அதை நேரில் பார்த்துக் குறிப்பெழுதினார், படமும் கிடைத்தது. 1867இல் அரசாங்க அனுமதியோடு இயேசு சபைப் பாதிரிமார் அதை இடித்துவிட்டார்கள். அந்த மண்ணிலிருந்து கிடைத்த வெண்கலப் புத்தர் சிலைகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

இடித்ததைக் கணிப்பொறியில் எழுப்ப முடியுமா? ஒரு பொருளை இரண்டு இடங்களிலிருந்து படம் எடுத்தால், நம் இரு கண்களும் தூரத்தை உணர்வதுபோல, கணிப்பொறி அதன் ஆழத்தைக் கணக்கிட்டுவிடும். ஆப்கானிஸ்தானில் 2001இல் தகர்க்கப்பட்ட பாமியான் புத்தரை, 1970இல் எடுக்கப்பட்ட மூன்று அளவைப் படங்களைக் கொண்டே ஸ்விட்சர்லாந்து அறிஞர்கள் முப்பரிமாணத்தில் மீட்டார்கள். பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ தாலன் என்ற பேராசிரியர் லேசர் கருவியால் முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார். 2019இல் அது தீப்பற்றியபின் அந்த அளவுகள் பழுதுபார்க்கக் கைகொடுத்தன.

நாகைக் கோபுரத்துக்கு அப்படி அளவைப் படங்கள் இல்லை. படத்தில் தெரியாத பக்கத்தையும் உள்கூட்டையும் ஊகித்துத்தான் வரையவேண்டும். வண்ணம் தீட்டி, கலசம் வைத்து அழகாகக் காட்டிவிடலாம்தான். ஆனால் நம் பிள்ளைகள் அதையே சரித்திரம் என்று நம்பிவிடுவார்களே! எது ஆதாரம், எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டும் என்கிறது 2009இல் வெளியான லண்டன் சாசனம். சான்றுள்ள பகுதியை அழுத்தமாகவும் ஊகத்தை மங்கலாகவும் காட்டினால் போதும். என் கருத்தில், பாதி மங்கலான கோபுரமே நேர்மையான கோபுரம்.

நம் பக்கத்திலும் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் கான்கிரீட்டுக்கு இடம் விடுகின்றன. உங்கள் தாத்தா வீட்டை இடிக்கப்போகிறீர்களா? கைப்பேசியோடு வீட்டைச் சுற்றி இரண்டடிக்கு ஒரு படம் எடுங்கள். முந்தைய படத்தில் வந்ததில் பாதிக்கு மேல் அடுத்ததிலும் வரட்டும். வாசல்படியில் ஓர் அளவு நாடாவை விரித்து வையுங்கள். அது இல்லாவிட்டால் வீட்டின் உருவம் வரும், உயரம் வராது. முற்றம், திண்ணை, கூரையின் உள்பக்கம், அடுக்களைப் புகைப்போக்கி எதையும் விடவேண்டாம். வெயில் தணிந்த வேளையில் எடுப்பது நல்லது. படங்களை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.