முயல் ரத்தத்தில் ஒரு துப்பறிவாளர்!

புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால், சிறிது நேரத்தில் காலாப்பட்டு வந்துவிடும். 1985-ல் தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் இருப்பது இங்கேதான். இங்குள்ள உயிர்வேதியியல் துறை போன்ற ஆய்வகங்களில் தினமும் புழங்கும் ஒரு பொருள், சுண்டுவிரல் அளவுக் குப்பியில் வரும் ‘முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடி’. ஆராய்ச்சிக் கூடத்தில் முயலுக்கு என்ன வேலை?

நம் உடலின் செல்கள் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. ‘வளரு’, ‘நிறுத்து’ என்ற செய்திகளைச் சுமப்பவை சமிக்ஞைப் புரதங்கள். ‘எர்க்’ அவற்றில் ஒன்று. அது நிறுத்தாமல் ‘வளரு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் புற்றுநோய்க்கு வழியாகிவிடும். ஆனால், ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குத்தான் முயல். புரதத்தின் ஒரு துண்டை ஊசி மூலம் செலுத்துவார்கள். முயலின் உடல் அதை அந்நியன் என்று நினைத்து ஆன்டிபாடிகளை உருவாக்கும். சில வார இடைவெளியில் பூஸ்டர் ஊசி. பிறகு, காதின் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து, ஆன்டிபாடியைப் பிரித்துச் சுத்தம் செய்வார்கள். ஒரே புரதத்தின் பல இடங்களைப் பலவகை ஆன்டிபாடிகள் பற்றிக்கொள்ளும். அதனால்தான் ‘பாலி’!

இதே சாலையில் வடக்கே போனால் வடநெம்மேலி. 1978-ல் உருவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே பாம்பு விஷம் எடுக்கிறது. விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தித் தயாரிக்கும் பாம்புக்கடி மருந்தும் பாலிகுளோனல் ஆன்டிபாடிதான்.

ஆய்வகத்தில், செல்களின் புரதங்களை எடை வாரியாகப் பிரித்து, மெல்லிய சவ்வுக்கு மாற்றி, அதன்மேல் முயல் ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். அது எர்க்கைத் தேடிப் பிடிக்கும். அதோடு ஒட்டும் இரண்டாவது ஆன்டிபாடி ஒளிவிட, அந்த இடம் கோடாகத் தெரியும்.

சிக்கலும் இங்கேதான். துப்பறிவாளர் தவறான ஆளைப் பிடித்தால்? 2009-ல் 19 சமிக்ஞை ஏற்பிகளுக்கான 49 ஆன்டிபாடிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்களோடு ஒட்டின. அப்படிப்பட்ட ஆன்டிபாடியை நம்பினால், பல வருட உழைப்பும் வீண். அதை வைத்து மருந்து தேடுபவர்களும் வழிதவறுவார்கள். தவிர, முயலுக்கு முயல் ரத்தம் வேறு. ஒரு முயல் இறந்தால் அதே ஆன்டிபாடி மறுபடி கிடைக்காது.

இதற்கு வழி உண்டு. அந்தப் புரதத்தின் மரபணுவையே நீக்கிய செல்லில் சோதிக்கலாம். அங்கேயும் கோடு விழுந்தால், ஆன்டிபாடி பொய் சொல்கிறது! ஆன்டிபாடியின் மரபணுவைப் படித்துவைத்து, ஆய்வகச் செல்களிலேயே ஒரே மாதிரி தயாரிக்கவும் முடியும். இந்த முறைக்கு மாறும்படி 2015-ல் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் வேண்டுகோள் விடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் புது முயல் தேவையில்லை என்பது கூடுதல் நிம்மதி.

அதுவரை ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரே பாடம்தான்: குப்பியின் லேபிளை நம்பாதே, சோதித்துப் பார்!