காபிக்கேற்ற பீங்கான் கோப்பை

பீங்கான் கோப்பையின் பூவேலைப்பாடும் விலையும்தான் பலர் கண்ணில் முதலில் படும். ஆனால் காபியின் ருசியைக் காப்பது கொள்ளளவு. எஸ்பிரெஸ்ஸோ ஒரு முறைக்கு 25 முதல் 30 மில்லிதான் இறங்கும். அதற்கு 60 முதல் 90 மில்லி கொள்ளும் சிறு கோப்பை போதும். 200 மில்லி கோப்பையில் ஊற்றினால் அது அடியில் பரவி விரைவில் ஆறிவிடும். பொன்னிற நுரையும் கலைந்துபோகும். காப்புசினோவுக்கு 150 முதல் 180 மில்லி பொருந்தும். பால் மிகுந்த லாட்டேக்கு 240 மில்லியாவது வேண்டும்.

அடுத்தது உட்புற வடிவம். அடி உருண்டு வளைந்திருந்தால் ஊற்றும் பால் சுழன்று காபியோடு நன்றாகக் கலக்கும். அடி தட்டையாக, மூலை கூர்மையாக இருந்தால் காபி அங்கே தேங்கி நின்றுவிடும். நுரையில் இலை, இதயம் வரைய வாய் அகன்ற கோப்பையே வசதி.

சுவரின் கனம் பற்றித் தவறான எண்ணம் ஒன்று உண்டு: கனமான கோப்பை எப்போதும் சூட்டைக் காக்கும் என்பது. பீங்கான் எவர்சில்வரைவிட ஏறத்தாழ பத்து மடங்கு மெதுவாகத்தான் வெப்பத்தைக் கடத்துகிறது. டம்ளரை விளிம்பில் பிடிக்க வேண்டியிருப்பதும், பீங்கானைக் கையில் ஏந்த முடிவதும் இதனால்தான். ஆனால் குளிர்ந்திருக்கும் கனத்த கோப்பை, தான் சூடாவதற்குக் காபியின் சூட்டையே எடுத்துக்கொள்ளும். முப்பது மில்லி காபிக்கு அந்த இழப்பு பெரிது. இத்தாலியக் காபிக் கடைகளில் கோப்பைகளை இயந்திரத்தின் சூடான மேல்தட்டில் அடுக்கி வைப்பது இதற்காகவே. வீட்டில், வெந்நீர் ஊற்றி அரை நிமிடம் வைத்துக் கொட்டினால் போதும். வாயில் படும் விளிம்பு மட்டும் மெல்லியதாக இருப்பது நல்லது.

தரத்தை அறியக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடிவளையத்தில் மெருகு பூசாத சொரசொரப்பான பகுதி இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், நல்ல பீங்கானில் அது உறிஞ்சப்படாமல் மேலேயே நிற்கும். சாதாரண மண்பாண்டத்தில் உறிஞ்சப்பட்டுவிடும். கயோலின் களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவை 1,300 டிகிரி செல்சியஸ் அளவில் வெந்து கண்ணாடி போல இறுகுவதால் வரும் குணம் இது. சீனர்கள் கண்ட இந்தத் தொழில்நுட்பத்தில் ஐரோப்பா தேர்ந்தது ஜெர்மனியின் மைசனில். அங்கே 1710இல் ஆலை தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா உருவானது. மெல்லியது, உறுதியானது, ஆனால் சைவப் பொருள்களையே விரும்புவோர் கேட்டு வாங்க வேண்டும்.

நிறத்துக்கும் பங்குண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கோப்பையில் காபி கண்ணாடிக் கோப்பையில் இருந்ததைவிடக் கடுமையாகவும் இனிப்பு குறைந்தும் தோன்றியது.

கைப்பிடியில் விரல் சிக்காமல் நுழைகிறதா என்று கடையிலேயே பிடித்துப் பார்க்கலாம். உட்புறத்தில் சித்திரம் இல்லாத வெள்ளைக் கோப்பையே பாதுகாப்பானது. பொன் விளிம்பு உள்ளதை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, தீப்பொறி பறக்கும்.