மாத்திரை சரியா சாப்பிட்டும் ஆபத்தா? ஹெச்.ஐ.வி உள்ள குழந்தைகளும் ஹெபடைடிஸ் பி-யும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர் மாதிரி ஒரு கிராமத்திலிருந்து, குழந்தைக்கு ஏ.ஆர்.டி கூட்டு மருந்து வாங்க பஸ் ஏறும் குடும்பத்துக்கு அன்றைய கூலி போச்சு. ‘எங்க கிளம்பிட்டீங்க?’ என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லணும். அவ்வளவு சிரமப்பட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை விடுபட்டால், பலன் முழுசா கிடைக்காது.

இந்தியாவில் ஹெச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமானது. 2006-ல் குழந்தைகளுக்கென தனித் திட்டம் வந்தது. சிகிச்சை கிடைக்காவிட்டால், பிறவியிலேயே தொற்றிய குழந்தைகளில் சுமார் பாதிப் பேர் 2 வயதைத் தாண்டுவதில்லை. இன்று மருந்தோடு அவர்கள் பெரியவர்களாக வளர்கிறார்கள். அதனால்தான் கல்லீரலையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரெண்டும் எப்படி சேர்ந்து வருது?

ஹெச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி இரண்டுமே ரத்தம் வழியாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். பிறக்கும்போது ஹெபடைடிஸ் பி தொற்றினால், சுமார் 90% குழந்தைகளுக்கு அது நாள்பட்ட தொற்றாகிவிடும். பல வருஷம் அறிகுறியே இருக்காது. கூடவே ஹெச்.ஐ.வி-யும் இருந்தால், கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வரும் ஆபத்து கூடும்.

மருந்து சாப்பிட்டா போதாதா?

சிக்கல் இங்கேதான். லாமிவுடின், டெனோஃபோவிர் இரண்டும் இரு வைரஸ்களையும் எதிர்ப்பவை. ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு வழக்கமாகத் தரப்படுவது அபாகாவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர். இதில் ஹெபடைடிஸ் பி-யை எதிர்ப்பது லாமிவுடின் மட்டும்தான். ஒரே மருந்தை மட்டும் சந்திக்கும் வைரஸ், நாளடைவில் அதற்குப் பழகிவிடும். ஹெச்.ஐ.வி ரிப்போர்ட் நல்லா இருக்கும். கல்லீரல் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும்.

தொற்று இருப்பது தெரிந்தால், வயதையும் எடையையும் பார்த்து டெனோஃபோவிர் சேர்க்கலாமா என்று மருத்துவர் முடிவெடுப்பார். எலும்பு, சிறுநீரகத்தையும் கவனிப்பார். இந்த மருந்துகளை நாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரென தீவிரமாகலாம்.

என்ன கேட்கணும்?

அடுத்த முறை போகும்போது, ‘குழந்தைக்கு ஹெச்.பி.எஸ்.ஏஜி டெஸ்ட் எடுத்தாச்சா?’ என்று கேளுங்கள். ஹெபடைடிஸ் சி பற்றியும் கேளுங்கள். அதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் மாத்திரையில் பெரும்பாலானோருக்குக் குணமாகிறது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

தடுப்பூசி?

ஹெபடைடிஸ் பி ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடணும். பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட். ஹெச்.ஐ.வி உள்ள குழந்தைகளுக்கு ஊசியின் பலன் குறையலாம் என்பதால், கூடுதல் டோஸ் தேவையா என்றும் கேளுங்கள்.

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமா? சம்மதம் இல்லாமல் ஒருவரின் ஹெச்.ஐ.வி நிலையை வெளியே சொல்வதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சந்தேகங்களுக்கு 1097-ஐ அழைக்கலாம், கட்டணம் கிடையாது.